ஆறு வினாடி ரம்பம்

46 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள ஒரு பைன் மரக்கட்டை. அதைப் படுக்கைவாட்டில் அசையாதபடி பிணைத்து வைத்திருக்கிறார்கள். அதன் முனையிலிருந்து 15 சென்டிமீட்டருக்குள் மூன்று முழு வில்லைகளை அறுத்துத் தள்ள வேண்டும். முதல் அறுப்பு மேலிருந்து கீழ். இரண்டாவது கீழிருந்து மேல். மூன்றாவது மறுபடியும் மேலிருந்து கீழ். இதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கிறீர்கள்? நம்மூர் மரம் அறுப்போர் இருவர் இழுவாளுடன் நின்றால், வெற்றிலை போடும் இடைவெளியையும் சேர்த்து ஒரு மணி நேரம் கேட்பார்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் நடக்கும் மரம் அறுக்கும் போட்டிகளில் தேர்ந்த வீரர்கள் இதை ஏறக்குறைய 6 வினாடியில் முடித்துவிடுகிறார்கள். அணைந்திருக்கும் எஞ்சினைக் கயிறிழுத்துக் கிளப்பும் நேரமும் இந்த ஆறு வினாடிக்குள் அடக்கம்!

இந்த வேலைக்குரிய கருவிக்கு 'ஹாட் சா' என்று பெயர். வேகத்துக்காக மாற்றியமைத்த காரை அமெரிக்கர்கள் 'ஹாட் ராட்' என்பார்களே, அந்த இனத்துப் பெயர்தான் இதுவும். கடையில் வாங்கும் சங்கிலி ரம்பம் 6 அல்லது 7 கிலோ எடை இருக்கும். ஹாட் சா 27 கிலோ வரை போகும். மோட்டார் சைக்கிள், பனிச்சறுக்கு வண்டி ஆகியவற்றின் எஞ்சின்களைப் பிடுங்கி இதைக் கட்டுகிறார்கள். பழைய கார்ட் எஞ்சின்களைத் தேடிப் பிடித்துக் கட்டுவோரும் உண்டு. இந்தக் கடைசி வகையைப் பற்றித்தான் இங்கே பேசப்போகிறோம். ஏனென்றால் அதற்குப் பின்னால் ஒரு வேடிக்கையான வரலாறு இருக்கிறது.

'கார்ட்' என்பது கூரை, கதவு, வில் சுருள் எதுவும் இல்லாத சின்னஞ்சிறு பந்தய வண்டி. 1956ஆம் ஆண்டு கலிபோர்னியாவில் ஆர்ட் இங்கெல்ஸ் என்பவர் முதல் கார்ட்டைக் கட்டினார். பந்தயக் கார் செய்யும் பட்டறையில் வேலை பார்த்தவர் அவர். இரும்புக் குழாய்களைப் பற்றவைத்துச் சட்டம் செய்து, புல்வெட்டும் எந்திரத்துக்கென்று செய்யப்பட்ட ஒரு சிறிய இருவீச்சு எஞ்சினை அதன் பின்னால் பொருத்தினார். இந்த விளையாட்டு காட்டுத்தீ போலப் பரவியது. புல்வெட்டும் எஞ்சினின் திறன் சீக்கிரமே போதாமற் போயிற்று. இன்னும் இலேசான, இன்னும் வேகமாகச் சுழலக்கூடிய எஞ்சின் எங்கே கிடைக்கும்?

அதே கலிபோர்னியாவில் இராபர்ட் மெக்கல்லக் என்பவர் சங்கிலி ரம்பத் தொழிற்சாலை வைத்திருந்தார். ஒரே ஆள் தூக்கி அறுக்கக்கூடிய இலேசான ரம்பத்தை 1949இல் வெளியிட்டுப் பெயர் பெற்றவர். (1968இல் இலண்டன் பாலத்தை விலைக்கு வாங்கி, கல் கல்லாகப் பிரித்து அரிசோனாப் பாலைவனத்துக்குக் கொண்டுபோய்க் கட்டியவரும் இவரேதான்.) இவருடைய நிறுவனம் தன் ரம்ப எஞ்சினைச் சற்றே மாற்றி, 1959இல் 'எம்.சி.-10' என்ற பெயரில் கார்ட் எஞ்சினாக வெளியிட்டது. பின்னால் வந்த 'எம்.சி.-101' என்ற 123 கன சென்டிமீட்டர் எஞ்சின் கார்ட் பந்தயக்காரர்களிடையே இன்றும் மதிக்கப்படுவது. ஆக, ரம்பத்திலிருந்து கார்ட்டுக்குப் போன எஞ்சின்தான் இப்போது கார்ட்டிலிருந்து ரம்பத்துக்குத் திரும்பி வருகிறது.

இந்த உறவினால் ஒரு பெரிய வசதி கிடைக்கிறது. மோட்டார் சைக்கிள் கார்புரேட்டரில் பெட்ரோல் நிற்கும் ஒரு சிறு கிண்ணமும் அதில் மிதவையும் உண்டு. வண்டியைத் தலைகீழாகப் பிடித்தால் பெட்ரோல் சிந்திவிடும், எஞ்சின் நின்றுவிடும். ரம்பத்தையோ பக்கவாட்டில் சாய்த்தும், தலைகீழாகத் திருப்பியும் பிடிக்க வேண்டியிருக்கிறது. ஆகவே ரம்பத்துக்கு மிதவை இல்லாத, மெல்லிய சவ்வினால் எரிபொருளை அளந்துவிடும் கார்புரேட்டர் தேவை. கார்ட்டும் வளைவுகளில் படுவேகமாகத் திரும்புவதால் அதற்கும் இந்தச் சவ்வு வகையே ஏற்றது. எனவே பழைய கார்ட் எஞ்சினை எந்தக் கோணத்தில் பிடித்தாலும் ஓடும்.

சரி, ரம்பம் வேகமாக அறுக்க வேண்டுமானால் என்ன செய்யவேண்டும்? சங்கிலி வேகமாக ஓடவேண்டும். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். பரவலாகப் பயன்படும் சங்கிலியில், பற்சக்கரத்தின் ஒரு பல் நகர்ந்தால் சங்கிலி 19.05 மில்லிமீட்டர் நகரும். சாதாரண ரம்பத்தில் 7 பல் சக்கரம். எஞ்சின் நிமிடத்துக்கு 10,000 சுற்று. மூன்றையும் பெருக்கினால் சங்கிலி வினாடிக்கு 22 மீட்டர், அதாவது மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகிறது. கார்ட் எஞ்சினில் 14 பல் சக்கரம் போட்டு 11,000 சுற்றில் ஓட்டினால் வினாடிக்கு 49 மீட்டர். மணிக்கு 176 கிலோமீட்டர். மிகப் பெரிய ஹாட் சாக்களில் இது மணிக்கு 240 கிலோமீட்டரைத் தொடும்.

"அப்படியானால் 20 பல், 25 பல் சக்கரம் போட வேண்டியதுதானே?" என்று நீங்கள் கேட்கலாம். இங்கேதான் விஷயம் இருக்கிறது. மூன்று வில்லை அறுப்பதென்றால் சுமார் அரை சதுர மீட்டர் பரப்பளவு மரத்தை வெட்டுகிறோம். அறுப்பின் அகலம் 8 மில்லிமீட்டர் என்று கொண்டால் 4 லிட்டர் மரத்தூள் நான்கைந்து வினாடிகளில் வெளியே பறக்க வேண்டும். அதற்கு ஆற்றல் வேண்டும். பற்களைக் கூட்டிக்கொண்டே போனால் மரத்தில் இறங்கியவுடன் எஞ்சின் திணறும். பந்தய இருவீச்சு எஞ்சினின் குணம் விசித்திரமானது. 9,000 சுற்றிலிருந்து 11,000 வரை அது சிங்கம். அதற்குக் கீழே இறங்கிவிட்டால் வெறும் பூனை. இந்தக் குணத்துக்குக் காரணம் அதன் புகைக்குழாய்.

இருவீச்சு எஞ்சினில் வால்வுகள் இல்லை என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கும். சிலிண்டர் சுவரிலுள்ள துளைகளைப் பிஸ்டனே திறந்து மூடுகிறது. எரிந்த புகை வெளியேறும் துளையும், புதுக் கலவை உள்ளே வரும் துளைகளும் சற்று நேரம் ஒன்றாகத் திறந்திருக்கின்றன. அப்போது புதுக் கலவையில் ஒரு பகுதி எரியாமலே புகையோடு போய்விடுகிறது. இந்த நஷ்டத்தைத் தடுக்க வழி கண்டவர்களில் முதன்மையானவர் கிழக்கு ஜெர்மனியின் எம்.இசட். மோட்டார் சைக்கிள் தொழிற்சாலையில் பணியாற்றிய வால்டர் காடன். 1950களில் அவர் புகைக்குழாயையே ஓர் இசைக்கருவி போலக் கணக்கிட்டுச் செய்தார்.

அந்தக் குழாய் முதலில் ஒடுங்கியும், பிறகு கூம்பாக விரிந்தும், கடைசியில் மறுபடி ஒடுங்கியும் இருக்கும். புகைத்துளை திறந்ததும் ஓர் அழுத்த அலை குழாய்க்குள் பாய்கிறது. விரியும் கூம்பை அடையும்போது அதிலிருந்து உறிஞ்சும் அலை ஒன்று திரும்பி வருகிறது. அது சிலிண்டரிலுள்ள மிச்சப் புகையை இழுத்தெடுத்து, புதுக் கலவையையும் சிறிது குழாய்க்குள் இழுத்துவிடுகிறது. அழுத்த அலை மேலும் சென்று ஒடுங்கும் கூம்பில் மோதித் திரும்புகிறது. இது தள்ளும் அலை. வெளியே வந்த புதுக் கலவையை, துளை மூடப்போகும் கடைசித் தருணத்தில் சிலிண்டருக்குள்ளேயே திணித்துவிடுகிறது!

இந்த அலை சரியான நேரத்துக்கு வந்து சேரவேண்டும். எஞ்சின் 10,000 சுற்றில் ஓடினால் ஒரு சுற்றுக்கு 6 மில்லி வினாடி. புகைத்துளை அரைச் சுற்றுக்குத் திறந்திருந்தால் 3 மில்லி வினாடி. சூடான புகையில் ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 500 மீட்டர் செல்லும். 3 மில்லி வினாடியில் அலை கடக்கும் தூரம் 1.5 மீட்டர். போகவும் வரவும் சேர்த்து இவ்வளவு என்பதால், பிஸ்டனிலிருந்து ஒடுங்கும் கூம்பு வரை 75 சென்டிமீட்டர் இருக்கவேண்டும். 7,000 சுற்றில் இதே அலை நேரத்துக்கு முன்பே வந்து காரியத்தைக் கெடுத்துவிடும். சிங்கம் பூனையாவது இப்படித்தான். ரம்பத்தின் பற்சக்கரத்தைத் தேர்ந்தெடுப்பது என்பது, மரத்துக்குள் இறங்கிய நிலையிலும் எஞ்சின் இந்தக் குறுகிய எல்லைக்குள்ளேயே நிற்குமாறு பார்த்துக்கொள்வதுதான். ஒரு பல் கூடினாலும் ஆட்டம் போச்சு. வெவ்வேறு சக்கரங்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கட்டைகளை அறுத்துப் பார்ப்பதைத் தவிர வேறு வழியில்லை.

காடனின் 125 கன சென்டிமீட்டர் எஞ்சின் 1961இல் 25 குதிரைத் திறனை எட்டியது. அதே ஆண்டில் அவருடைய பந்தய வீரர் எர்ன்ஸ்ட் டெக்னர் மேற்கு நாடுகளுக்குத் தப்பிச் சென்று ஜப்பானின் சுசுகி நிறுவனத்தில் சேர்ந்தார். மறு ஆண்டே சுசுகி 50 சி.சி. உலகப் பட்டத்தை வென்றது. ஒரு குழாயின் வடிவத்துக்காக இவ்வளவும்! நம் சாலைகளில் 1985 முதல் ஓடிப் புகழ்பெற்ற யமகா ஆர்.எக்ஸ்.-100 வண்டியின் 98 சி.சி. எஞ்சினுக்கு 11 குதிரைத் திறன். அதே யமகாவின் கே.டி.-100 என்ற கார்ட் எஞ்சினும் ஏறக்குறைய அதே அளவுதான். ஆனால் உரிய குழாயுடன் அதற்குச் சுமார் 15 குதிரைத் திறன். காடனின் விகிதத்தை எட்டிப் பிடித்தால் 123 சி.சி. மெக்கல்லக்கிலிருந்து 25 எடுக்கலாம்.

அந்த உயரத்துக்குப் போக மெத்தனால் உதவுகிறது. இது பெட்ரோலைவிட ஆற்றல் மிகுந்த எரிபொருள் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மை நேர் எதிரானது. ஒரு கிலோ மெத்தனாலில் பெட்ரோலில் பாதியளவு ஆற்றல்கூட இல்லை. ஆனால் ஒரு கிலோ பெட்ரோல் எரிய 14.7 கிலோ காற்று வேண்டும், மெத்தனாலுக்கு 6.4 கிலோ போதும். எஞ்சின் உறிஞ்சுவது குறிப்பிட்ட அளவு காற்றைத்தான். அந்தக் காற்றுக்கு இரு மடங்குக்கும் மேல் மெத்தனாலைக் கலக்கலாம். கணக்கு ஏறக்குறைய சமமாகிவிடுகிறது. உண்மையான இலாபம் குளிர்ச்சியில் இருக்கிறது. மெத்தனால் ஆவியாகும்போது ஏராளமான வெப்பத்தை உறிஞ்சுகிறது. ஒரே அளவு காற்றுக்குக் கணக்கிட்டால் பெட்ரோலைப்போல் ஏழு மடங்கு! உள்ளே வரும் கலவை குளிர்ந்து அடர்த்தியாகிறது. எஞ்சினைத் தட்டவிடாமல் அமுக்க விகிதத்தை உயர்த்த முடிகிறது. இதற்காகக் கார்புரேட்டரின் துளைகளைப் பெரிதாக்க வேண்டும். புகை குளிர்ந்து ஒலியின் வேகமும் குறைவதால் குழாயைச் சற்றுக் குட்டையாக்க வேண்டும்.

மெத்தனாலில் கனிம எண்ணெய் கரையாது. நம் ஆமணக்கெண்ணெய் நன்றாகக் கரையும். எனவே பிஸ்டனுக்கு உராய்வு நீக்கியாக ஆமணக்கெண்ணெயையே கலக்கிறார்கள். பந்தய மைதானங்களில் அடிக்கும் அந்த இனிப்பு கலந்த கருகல் வாடை இதனுடையதே. 'காஸ்ட்ரால்' என்ற பெயர்கூட 'காஸ்டர்' என்ற ஆமணக்கிலிருந்து வந்ததுதான்.

பழைய எஞ்சினை எடுத்தவுடன் மாட்டிவிட முடியாது. கிராங்க் தண்டின் இரு பக்கமும் உள்ள இரப்பர் சீல்கள் ஐம்பது ஆண்டுகளில் கல்லாய் இறுகியிருக்கும். அவற்றின் வழியே கள்ளக் காற்று புகுந்தால் கலவையில் எரிபொருள் குறையும், சூடு ஏறும், சில வினாடிகளில் பிஸ்டனின் நடுவே ஓட்டை விழும். ஆகவே துளைகளை எல்லாம் அடைத்து, சதுர சென்டிமீட்டருக்கு அரைக் கிலோ அழுத்தத்தில் காற்றேற்றி, முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பதே முதல் வேலை. மக்னீசியக் கலவையில் வார்த்த கிராங்க் அறைகள் அரித்தும் போயிருக்கும்.

சுழலும் திசையையும் கவனிக்க வேண்டும். ரம்பச் சங்கிலி, தகட்டின் மேல்விளிம்பில் வெளிநோக்கியும் கீழ்விளிம்பில் நம்மை நோக்கியும் ஓடவேண்டும். எஞ்சினைத் திருப்பி வைக்கும்போது சுழற்சி தலைகீழாகிவிடக்கூடும். பிஸ்டனே துளைகளைத் திறந்து மூடும் எஞ்சினில் கவலையில்லை; திறப்பும் மூடலும் இரு திசைக்கும் ஒன்றே. தீப்பொறி நேரத்தை மாற்றினால் அது எதிர்த்திசையிலும் அதே திறனுடன் ஓடும். சுழலும் தட்டு வால்வு உள்ள இத்தாலிய எஞ்சின்களில் தட்டையும் மாற்றியாக வேண்டும்.

கார்ட்டில் எஞ்சினைக் கிளப்பத் தள்ளிவிடுவார்கள், அல்லது தனி மின்மோட்டாரைக் கொண்டு சுழற்றுவார்கள். ரம்பத்திலோ கயிறுதான். ஒரே இழுப்பில் கிளம்பாவிட்டால் போட்டி கைவிட்டுப் போய்விடும். வீரர்களின் உண்மையான பயம் அறுப்பதில் அல்ல, இந்தக் கயிற்றில்தான். ஆறு வினாடிப் போட்டியில் இரண்டாவது இழுப்புக்கு இடமேது? அமுக்க விகிதத்தை உயர்த்திவிட்டதால் கயிறு கையைத் திருப்பி இழுக்கும். அதனால் சிலிண்டர் தலையில் ஓர் அழுத்தம் விடும் வால்வு வைக்கிறார்கள். மெத்தனாலின் குளிர்ச்சி இங்கே எதிரியாகிறது. குளிர்ந்த எஞ்சினில் அது ஆவியாகாமல் ஸ்பார்க் பிளக்கை நனைத்துவிடும். எனவே போட்டி தொடங்குமுன் எஞ்சினை ஓட்டிச் சூடாக்கிக்கொள்ள விதி அனுமதிக்கிறது. பிறகு அணைத்துவிட்டு, இரு கைகளையும் கட்டையின்மேல் வைத்துக்கொண்டு காத்திருக்க வேண்டும்.

குளிரூட்டும் விசிறி? அது தேவையே இல்லை. எஞ்சினின் திறனுக்குச் சமமான அளவு வெப்பம் அதன் சுவர்களில் இறங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். 25 குதிரைத் திறனுக்கு 6 வினாடியில் 112 கிலோ ஜூல். சிலிண்டரும் தலையும் சேர்ந்து 3 கிலோ அலுமினியம் என்றால், வெப்பநிலை 40 டிகிரிதான் உயரும். விசிறியைச் சுழற்றும் ஆற்றலும் சங்கிலிக்கே மிச்சம்.

இரண்டு எஞ்சின்களை ஒரே தண்டில் கோத்துக் கட்டுவோரும் உண்டு. 1960களில் கார்ட்களில்கூட இரட்டை எஞ்சின் வழக்கமாக இருந்தது. இரண்டும் ஒரே சமயத்தில் வெடித்தால் கயிறு இரு மடங்கு கனக்கும், அதிர்வும் இரு மடங்காகும். எதிரெதிர் நிலையில் வைத்தால் இழுப்பு சுலபம். ஆனால் இரு சிலிண்டர்களும் ஒரே கோட்டில் இல்லாததால் ரம்பம் ஊஞ்சல் போல ஆடும். இரண்டு கார்புரேட்டர்களையும் ஒத்திசைக்க வேண்டும். ஒன்று முரண்டு பிடித்தால் அது மற்றதற்குச் சுமையாகிவிடும். 'டிம்பர்ஸ்போர்ட்ஸ்' போன்ற பெரிய போட்டிகள் ஒரே சிலிண்டரைத்தான் ஒப்புக்கொள்கின்றன. அது நல்ல விதி என்றே எனக்குப் படுகிறது. நன்றாகச் செய்த ஒற்றை எஞ்சின், அரைகுறையான இரட்டையைவிட மேல்.

அதிர்வு என்றேனே, ஒற்றை எஞ்சினிலும் அது சாதாரணமல்ல. கே.டி.-100இன் பிஸ்டன் 46 மில்லிமீட்டர் ஏறி இறங்குகிறது. 11,000 சுற்றில் அது திரும்பும் தருணத்தில் அதன்மேல் புவியீர்ப்பைப்போல் சுமார் 3,000 மடங்கு முடுக்கம் இருக்கும். பிஸ்டனும் அதோடு ஏறி இறங்கும் பகுதிகளும் 150 கிராம் என்றால், அவை 450 கிலோவுக்கும் மேற்பட்ட விசையோடு உலுக்குகின்றன. கிராங்கில் உள்ள எதிர் எடை ஒரு பகுதியைச் சமன் செய்யும். மீதி கைகளுக்கு வரும்.

எல்லாவற்றிலும் ஆபத்தானது சங்கிலி. எடையைக் குறைக்க அதன் பற்களில் பலவற்றைத் தேய்த்து எடுத்துவிடுகிறார்கள். ஒரு மீட்டர் சங்கிலி 300 கிராம் என்று கொள்ளுங்கள். சாதாரண ரம்பத்தில் சுற்றும் வேகத்தினால் மட்டும் அதில் 15 கிலோ இழுவிசை உண்டாகிறது. வேகம் மூன்று மடங்கானால் இழுவிசை ஒன்பது மடங்கு: ஏறக்குறைய 135 கிலோ. மரத்தை அறுக்கும் விசை இதற்கு மேல். அறுந்தால் அறுந்த முனை சாட்டை போலச் சுழன்று, துண்டுகளைத் தோட்டாவைப்போல் வீசும். அவை பறப்பது பெரும்பாலும் தகட்டின் தளத்திலேயே. ஆகவே தகட்டின் நேர்கோட்டில் முன்னாலோ பின்னாலோ யாரும் நிற்கக்கூடாது. கைப்பிடிக்குக் கீழே தடித்த காப்புத்தகடு இருக்க வேண்டும். காலுக்குக் காப்பு, கண்ணுக்குக் காப்பு, காதடைப்பு எல்லாம் கட்டாயம். நடுவிலுள்ள மேல்நோக்கிய அறுப்பில் சங்கிலி ரம்பத்தை வீரரின் வயிற்றை நோக்கித் தள்ளுகிறது. 25 குதிரைத் திறனும் 49 மீட்டர் வேகமும் என்றால் அந்தத் தள்ளல் சுமார் 39 கிலோ. ஒரு சிறுவன் ஓடிவந்து மோதுவது போல!

இதைப் படித்துவிட்டு வீட்டுக் கொல்லையில் முயன்று பார்க்கலாம் என்று யாரும் நினைத்துவிடாதீர்கள். மெத்தனாலின் தீ பகலில் கண்ணுக்கே தெரியாது. சட்டை எரிவது தோல் சுட்ட பிறகுதான் புரியும். 2024இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்த நஞ்சும் இந்த மெத்தனால்தான். தோல் வழியாகவும் மூச்சு வழியாகவும்கூட அது உடலுக்குள் போகும். கையுறை இல்லாமல், காற்றோட்டம் இல்லாத அறையில் அதைத் தொடக்கூடாது.

போட்டி முடிந்ததும் எஞ்சினை அப்படியே பெட்டியில் வைத்துவிட முடியாது. மெத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொண்டு மக்னீசியத்தையும் அலுமினியத்தையும் அரிக்கும். உருளைத் தாங்கிகள் துருப்பிடிக்கும். தொட்டியை வடித்துவிட்டு, எண்ணெய் கலந்த பெட்ரோலில் சில வினாடிகள் ஓட்டி, ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி அந்தத் துளை வழியே இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, கயிற்றை மெதுவாக இழுத்து உள்ளே பரப்பிவிடுகிறார்கள். கார்புரேட்டரின் சவ்வு விறைத்துப் போயிருந்தால் அதையும் அன்றைக்கே மாற்றிவிடுவது வழக்கம்.